ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் இலக்கணம்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இஞ்சிவிளைக்குச் சற்று இப்பால், ஓடு வேய்ந்த மோட்டார்ப் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கு நிற்கும் வண்டிகளின் எண்பலகைகளைப் பார்த்தாலே அது எத்தகைய இடம் என்பது விளங்கிவிடும். பாதி வண்டிகள் கே.எல். 19, கே.எல். 20, மீதிப் பாதி டி.என். 75. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. வண்டிகள் மட்டும் இன்றும் இரு பக்கத்திலிருந்தும் இந்தப் பட்டறைக்கு வருகின்றன.

பட்டறை என் தாய்மாமனுடையது. என் தாய்வழிப் பாட்டனார் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்து கடை வைத்தவர். மாமா அதற்கும் அப்பால் சென்றார். 1994-இல் ஷார்ஜாவுக்குப் போய், அங்குள்ள ஒரு வேலைக்கூடத்தில் பதினைந்து ஆண்டுகள் மெக்கானிக்காக உழைத்து, 2009-இல் திரும்பினார். அவருடன் திரும்பி வந்த பொருள்களில் ஒன்று இன்றும் பட்டறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்குகிறது. அது ஆறு பெருந்துளைகளையுடைய நீண்ட தகடு. சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட். ஐந்து துளைகள் நன்றாக இருக்கின்றன. ஆறாவது துளையின் பின்விளிம்பு மட்டும் கருகி அரித்துப் போயிருக்கிறது.

"மக்களே, நீ பெரிய படிப்பு படிக்கியல்லா? இது எதுக்கு ஆறாவது ஓட்டையில மட்டும் கரிஞ்சுதுன்னு சொல்லு பாப்பம்" என்று சென்ற ஓண விடுமுறையில் மாமா கேட்டார்.

நண்பர்களே, நான் முதுநிலை இயற்பியல் பயிலும் மாணவன். வெப்ப இயக்கவியலில் தேர்வு எழுதித் தேறியவன். ஆயினும் அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்தேன். நூலகத்திலும், மாமாவிடம் இருந்த எண்ணெய்க் கறை படிந்த பணிக் கையேட்டிலும் சில வாரங்களைச் செலவிட்ட பின்னரே ஓரளவு தெளிவு பிறந்தது. அதை நம் மன்ற இதழில் எழுதுகிறேன். கதையும் கவிதையும் மிகுந்த இப்பக்கங்களில் ஓர் இரும்புப் பொறிக்கும் சிறிது இடம் உண்டு என நம்புகிறேன்.

அந்தக் கேஸ்கெட் எந்த எஞ்சினுடையது? டொயோட்டா நிறுவனத்தின் 1 எப்.இசட்.-எப்.இ. என்னும் பெட்ரோல் எஞ்சினுடையது. 1990-இல் வெளிவந்த லேண்ட் குரூசர் 80 என்னும் வண்டியில் 1992-ஆம் ஆண்டு முதல் இது பொருத்தப்பட்டது. வளைகுடா நாடுகளின் மணலில் இவ்வண்டி எவ்வளவு பேர் பெற்றது என்பதை, அங்கு உறவினரை அனுப்பியுள்ள நம் எல்லைக் கிராமத்து வீடுகளில் கேட்டாலே சொல்லுவார்கள். 1998 முதல் பெரிய லேண்ட் குரூசர்களில் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அதன் பின்னரும் 105 என்ற எளிய வகையிலும், 70 வகை வண்டிகளிலும் இந்த ஆறு சிலிண்டர் தொடர்ந்து உழைத்தது. இதன் பரம்பரையும் நீண்டது. 1935-இல் டொயோட்டா செய்த முதல் எஞ்சினாகிய 'ஏ' வகை, அமெரிக்கச் செவ்ரோலேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பார்த்துச் செய்ததே. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் வழக்கம் அன்று தொட்டு அந்த வீட்டில் உண்டு.

இனி, எஞ்சினின் இலக்கணத்தைப் பார்ப்போம். விளம்பரத் தாளில் எண்கள் நிறைய இருக்கும். பெரும்பாலோர் குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போவார்கள். ஓர் எஞ்சின் நீண்ட நாள் உழைக்குமா என்பதற்கான குறிப்பு அவர்கள் தாண்டிப்போகும் எண்களில்தான் இருக்கிறது.

இதன் சிலிண்டர் விட்டம் 100 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 95 மில்லிமீட்டர். இவற்றைக் கொண்டு ஆறு சிலிண்டர்களின் கொள்ளளவைப் பெருக்கிப் பார்த்தால் 4477 கன சென்டிமீட்டர் வரும்; கையால் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அழுத்த விகிதம் 9-க்கு 1. 1993-இல் அமெரிக்காவில் விற்ற வண்டிக்குரிய கணக்குப்படி, நிமிடத்துக்கு 4600 சுற்றில் 212 குதிரைத்திறன். 3200 சுற்றில் 373 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகளாக இருபத்து நான்கு வால்வுகள்; அவற்றைத் திறந்து மூடும் இரு காம்ஷாப்ட்டுகள் மேலே இருக்கின்றன. அவற்றைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட்டன்று, இரும்புச் சங்கிலி. தீப்பொறி விழும் முறை 1, 5, 3, 6, 2, 4.

இந்த எண்களுள் முதலில் "ஆறு" என்பதை எடுத்துக்கொள்வோம். ஏன் ஆறு? ஏன் வரிசையாக?

பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பிக் கீழே வருகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது எஞ்சினை ஒரு தள்ளு தள்ளுகிறது. கிராங்க் ஒருமுறை சுற்றினால் ஒருமுறை வரும் தள்ளு ஒன்று. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து செல்வதால், ஒரு சுற்றுக்கு இருமுறை வரும் சிறிய தள்ளு மற்றொன்று. முன்னதை முதல்நிலை விசை என்றும் பின்னதை இரண்டாம்நிலை விசை என்றும் கூறுவர். இவற்றை அடக்காவிட்டால் வண்டி அதிரும், அதிர்ச்சி ஆணியைத் தளர்த்தும், தாங்கிகளைத் தேய்க்கும்.

ஒரு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூவர் மூன்று திசையில், சமமான கோண இடைவெளியில் நின்று, சம வலுவோடு இழுத்தால் வளையம் எங்கே போகும்? எங்கும் போகாது. ஆறு சிலிண்டர் எஞ்சினின் கிராங்கில் முட்டிகள் இவ்வாறே 120 பாகை இடைவெளியில் அமைந்துள்ளன. 0, 120, 240 என்ற மூன்று திசைகளில் விசைகள் இழுக்க, முதல்நிலை விசைகளின் கூட்டு சுன்னமாகிறது. இரண்டாம்நிலை விசைகளுக்குக் கோணங்களை இரட்டிக்க வேண்டும். 0, 240, 480 என வரும். 480 என்பது ஒரு முழுச் சுற்றைக் கழித்தால் 120 தானே? ஆகவே மீண்டும் அதே மூன்று திசைகள், மீண்டும் சுன்னம்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தப் பேறு இல்லை. அங்கே கோணங்கள் 0, 180, 180, 0. முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரட்டித்தாலோ 0, 360, 360, 0. நான்கும் ஒரே திசை. நான்கு பேரும் ஒரு பக்கம் நின்று இழுத்தால் வளையம் போகத்தானே செய்யும்? அதனால்தான் பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் சமனிடும் தண்டுகளைத் தனியே சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கிறது.

மூன்று சிலிண்டரே போதுமே, ஆறு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மூன்று சிலிண்டரில் விசைகள் சமனாகும். ஆனால் அவை ஒரே இடத்தில் செயற்படுவதில்லை. ஒன்று முன்னே, ஒன்று நடுவே, ஒன்று பின்னே. ஆகவே எஞ்சின் அலையில் அகப்பட்ட வள்ளம்போல் முன்னும் பின்னும் ஆடும். அந்த மூன்றின் பின்னால், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் வேறொரு மூன்றை எதிர்முகமாக வைத்தால், ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று தடுத்துவிடும். வரிசை ஆறு என்பது இந்த அமைப்பே. முதலும் ஆறும் ஒன்றாக ஏறும். இரண்டும் ஐந்தும் ஒன்றாக ஏறும். மூன்றும் நான்கும் அவ்வாறே. எவ்விதத் துணைத்தண்டும் இன்றி இரு நிலை விசைகளையும் அவற்றின் ஆட்டத்தையும் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்வது இவ்வமைப்பின் தனிச்சிறப்பு. ஓடும் எஞ்சினின் மேல் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டும் வித்தையை மாமா பார்த்திருக்கிறாராம். வித்தை அன்று, முக்கோணவியல்.

இது நிற்க. அதிராத எஞ்சின் எல்லாம் நெடுநாள் உழைத்துவிடுமா? இல்லை. அதற்குத் தான் தாங்கும் சுமையும் குறைவாக இருக்க வேண்டும். இதை அறிய இரண்டு எளிய கணக்குகள் உண்டு.

ஒன்று, பிஸ்டனின் சராசரி வேகம். ஒரு சுற்றில் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 190 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 4600 சுற்று என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 14.6 மீட்டர். ஆனால் 4600 சுற்றுக்கு யார் ஓட்டுகிறார்கள்? சாதாரண ஓட்டத்தில் 2400 சுற்று எனக் கொண்டால் வேகம் 7.6 மீட்டர்தான். மற்றொன்று, முறுக்குவிசையையும் கொள்ளளவையும் கொண்டு, பிஸ்டன் தலையில் சராசரியாக எவ்வளவு பயனுள்ள அழுத்தம் விழுகிறது என்று கணிப்பது. 373 நியூட்டன்-மீட்டருக்கு அது 10.5 பார் அளவில் வருகிறது.

இவ்வெண்கள் பெரியவையா, சிறியவையா? ஒப்பிட்டால்தான் தெரியும். நம் விடுதியில் மோட்டார்ப் பேச்சு எழுந்தால், எல்லோர் வாயிலும் வரும் பெயர் 2 ஜே.இசட். என்பது. அதுவும் டொயோட்டாவின் வரிசை ஆறே. அதுவும் தொண்ணூறுகளின் எஞ்சினே. 86 மில்லிமீட்டர் விட்டம், 86 மில்லிமீட்டர் ஓட்டம், 2997 கன சென்டிமீட்டர். இரட்டை டர்போ பூட்டிய சூப்ரா காரின் எஞ்சின் 280 குதிரைத்திறன் எனப் பதிவாயிற்று. (ஜப்பானியக் கம்பெனிகள் 2004 வரை 280-க்கு மேல் அறிவிப்பதில்லை எனத் தமக்குள் உடன்பாடு வைத்திருந்தன, ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்பவும் வேண்டா.) அதன் முறுக்குவிசை 431 நியூட்டன்-மீட்டர் என்று கொண்டால் சராசரி அழுத்தம் 18 பார். லிட்டருக்கு 93 குதிரைத்திறன். 1 எப்.இசட்.-எப்.இ. தருவதோ லிட்டருக்கு 47 தான். அதாவது பாதி. என் நண்பர்களுக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இது அந்த எஞ்சினைச் செய்தவர்களின் நிதானமாகத் தோன்றுகிறது. இருநூறு கிலோ தூக்கக் கூடியவனிடம் நூறு கிலோவைக் கொடுத்து நெடுந்தூரம் நடக்கச் சொன்னார்கள்.

அழுத்த விகிதம் 9-க்கு 1 என்று வைத்ததும் இந்த நிதானத்தைச் சேர்ந்ததே. தரங்குறைந்த பெட்ரோலையும் தட்டாமல் எரித்துக்கொள்ளும். பாலைவனத்தின் நடுவே எண்ணெய்த் தரத்தைப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

இதைவிட நிதானமான ஜப்பானிய ஆறு சிலிண்டர் ஒன்று நம் நாட்டிலேயே செய்யப்பட்டது என்பதைப் பலர் அறியார். ஜபல்பூரிலுள்ள இராணுவ வண்டித் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை ஜோங்கா என்ற வண்டி உருவாயிற்று. நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று நம் படைக்காகச் செய்தது அது. அதன் எஞ்சினும் வரிசை ஆறு, பெட்ரோல். 3956 கன சென்டிமீட்டர். 3200 சுற்றில் 110 குதிரைத்திறன். லிட்டருக்கு 28 கூட இல்லை! இராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா ஒன்று மாமாவின் இளமையில் நெய்யாற்றின்கரையில் ஒரு மரக்கடைக்காரரிடம் இருந்தது. பெட்ரோல் குடிப்பதைப் பொறுக்காமல் அவர் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றினார். கழற்றிப் போட்ட அந்த ஆறு சிலிண்டரைத்தான் மாமா முதன்முதலில் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றார். "உள்ள ஒரு தேய்மானம் இல்ல மக்களே, புத்தன் மாதிரி இருந்துது" என்று இன்றும் சொல்லுகிறார். புதிது என்பதற்கு எங்கள் ஊரில் புத்தன் என்போம். போதி மரத்தடியில் இருந்தவர் அல்லர்.

பெட்ரோல் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1 எப்.இசட்.-எப்.இ. பூட்டிய லேண்ட் குரூசர் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது என்பது மாமாவின் கணக்கு. நம் நாட்டு விலைக்கு அதை ஓட்டுவது இயலாத காரியம். புகழ வந்த இடத்தில் இதை மறைத்தல் தகாது.

ஐந்து இலட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின்களை மாமா கையாண்டிருக்கிறார். மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி வேகம் என்று வைத்தால் அது 10,000 மணி நேரம். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 120 கோடிச் சுற்றுகள். இந்த எண்ணை எழுதிவிட்டுச் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்ஙனமாயின் அத்தகைய எஞ்சின் ஏன் கெட்டது? இனி ஆணியில் தொங்கும் தகட்டுக்கு வருவோம்.

வரிசை ஆறின் பெருமை எதனால் வந்ததோ, அதனாலேயே அதன் துன்பமும் வந்தது. அதுதான் நீளம். ஆறு சிலிண்டர்களின் விட்டத்தை மட்டும் கூட்டினாலே 600 மில்லிமீட்டர் ஆகிறது. நீண்ட கிராங்க் முறுக்கிக்கொண்டு அதிரும். அதற்காக முன்புறக் கப்பியில் ரப்பர் வைத்த தணிப்பான் ஒன்று இருக்கிறது. அது எளிதில் தீர்ந்த தொல்லை. ஹெட்டின் நீளம் அவ்வாறன்று.

ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு என்று மேலே சொன்னேன். ஒரு பாகை சூட்டுக்கு அலுமினியம் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு மீட்டரின் பத்து இலட்சத்தில் 23 பங்கு நீளும். வார்ப்பிரும்பு 11 பங்கே நீளும். காலையில் 30 பாகையில் இருந்த எஞ்சின் 90 பாகைக்கு ஏறும்போது, 600 மில்லிமீட்டர் அலுமினியம் 0.83 மில்லிமீட்டர் நீள்கிறது. அதன் அடியிலிருக்கும் இரும்பு 0.40 தான் நீள்கிறது. மிச்சம் 0.43 மில்லிமீட்டரை யார் தாங்குவது? இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட கேஸ்கெட்தான். ஒவ்வொரு நாளும், வண்டி சூடேறும் ஒவ்வொரு முறையும், ஹெட் அதன்மேல் ஊர்ந்து திரும்புகிறது. நடுப்பகுதி அசையாதிருக்க, ஊர்தல் மிகுவது இரு முனைகளிலும். எஞ்சின் 130 பாகைக்கு ஏறிவிட்டாலோ வேறுபாடு 0.72 மில்லிமீட்டர்.

முனைகள் இரண்டு உண்டே. முதல் சிலிண்டர் கெடாமல் ஆறாவது மட்டும் ஏன் கெட வேண்டும்? நீர் தள்ளும் பம்பு முன்னால், முதல் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கிறது. விசிறிக் காற்றும் முன்னாலேயே. ஆறாவது சிலிண்டர் இரண்டுக்கும் கடைக்கோடி. நீர் குறைந்தால் பம்பு நீரோடு ஆவியையும் கலக்கிக்கொண்டு வீணே சுழல்கிறது, ஓட்டம் தளர்கிறது, கால்வாயின் கடைமடை வயலுக்கு நேர்வதே கடைசிச் சிலிண்டருக்கும் நேர்கிறது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயை நம்பி விளவங்கோட்டில் பயிர் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 தொடங்கி அவர்களுக்கு அந்த நீர் இல்லை. இவ்வகை எஞ்சினில் கேஸ்கெட் போனால் ஆறாவது சிலிண்டரின் அருகே போகும் என்பது உலகெங்கும் உள்ள லேண்ட் குரூசர் மெக்கானிக்குகள் அறிந்த செய்தியாம். மாமாவும் அறிவார். ஏன் என்பதை மட்டுமே என்னிடம் கேட்டார்.

ஆனால் அவர் கேட்டது இயற்பியலுக்காக மட்டுமன்று. அதை நான் பின்னரே உணர்ந்தேன்.

2004 சனவரியில், 1996-ஆம் ஆண்டு லேண்ட் குரூசர் ஒன்றின் ஹெட்டை மாமா கழற்றினார். வால்வுத் தண்டுகளின் சீல்கள் தேய்ந்து எண்ணெய் புகைந்தது. சீல்களை மாற்றிப் புதுக் கேஸ்கெட் வைத்து மூடினார். ஐந்து மாதம் நன்றாக ஓடிய வண்டி, சூலையில் அல் தைது சாலையில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவரப்பட்டது. ஹெட் வளைந்திருந்தது, கேஸ்கெட் இந்தக் கோலத்தில் இருந்தது. மெக்கானிக் போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை என்று வண்டிக்காரர் சொன்னார். வேலைக்கூடத்து முதலாளி அதை ஏற்றுக்கொண்டு மாமாவின் இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்தார். என் அக்காளின் திருமணத்துக்குத் தருவதாக மாமா சொல்லியிருந்த பணம் அது.

இறுக்கியது தவறா? கையேடு சொல்லும் முறை இது: போல்ட்டை முதலில் 39 நியூட்டன்-மீட்டர் விசைக்கு இறுக்க வேண்டும், பின் 90 பாகை திருப்ப வேண்டும், பின்னும் ஒரு 90 பாகை. விசையை மட்டும் அளந்தால் போதாதா, கோணம் எதற்கு என்றால், இறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது. போல்ட் என்பது உண்மையில் ஒரு வில். அது எவ்வளவு நீண்டது என்பதே முக்கியம். கோணம் அந்த நீட்சியை நேரடியாகத் தருகிறது. மாமா ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் புள்ளி வைத்துத் திருப்பினாராம். சூலையில் கழற்றும்போது எல்லாப் போல்ட்டுகளும் ஏறத்தாழ ஒரே வலுவோடுதான் விட்டுக்கொடுத்தன என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது.

தகட்டைக் கீழே இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆறு துளைகளைச் சுற்றியும் அழுத்தத்தின் தடம் ஒரே சீராக, கூர்மையாக விழுந்திருக்கிறது. ஓர் இடத்தில் இறுக்கம் குறைந்திருந்தால் அங்குத் தடம் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை. கருகலோ நீர்த்துளையை நோக்கிய ஒரே பக்கத்தில். இது சூட்டினால் நேர்ந்ததற்கு உரிய அடையாளம்.

"அப்ப சூடானா ஊசி ஏறிருக்கணும்லா? டிரைவர் ஏறவேயில்லைன்னு சத்தியம் பண்ணினான்" என்றார் மாமா. ஓட்டுநர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெப்பமானி நீரில் முழுகியிருக்கும்போதுதான் சூட்டைச் சரியாகக் காட்டும். நீர் ஒழுகிப் போய் அது வெற்றிடத்தில் நின்றால் ஊசி ஏறாது. சில வேளை இறங்கவும் செய்யும். ஆபத்து மிகும் நேரத்தில் அது அமைதி காட்டும்.

நீர் எப்படி ஒழுகியது? ரேடியேட்டர் மூடி நீரை ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுதலான அழுத்தத்தில் பூட்டி வைக்கிறது. அதனால் 120 பாகை வரை நீர் கொதிப்பதில்லை. எங்காவது ஒரு குழாய் பிளந்தால் அழுத்தம் இறங்கும். 105 பாகையில் அமைதியாக இருந்த நீர் அந்நொடியே கொதித்துச் சீறும். இவ்வெஞ்சினில் ஹெட்டின் பின்பக்கம், காற்று உறிஞ்சும் குழாய்த் தொகுதிக்கு அடியில், கையும் கண்ணும் எட்டாத இடத்தில் விரல் நீளமுள்ள ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது. உலகெங்கும் இவ்வண்டி வைத்திருப்போர் அதற்கு வசைப்பெயரே சூட்டியிருக்கிறார்கள். சூலையில் எஞ்சினைப் பிரித்தபோது அந்தக் குழாய் நெடுக்காகப் பிளந்திருந்தது என்று மாமா சொன்னார். முதலாளியிடமும் சொன்னாராம். கேட்பாரில்லை.

ஆகவே விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். இறுக்கத்தில் குற்றமில்லை, குழாய் பிளந்தது, நீர் போயிற்று, கடைமடை எரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து மாமாவிடம் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. சனவரியில் ஹெட்டைக் கழற்றியபோது, உறிஞ்சு குழாய்த் தொகுதி முழுவதும் வெளியே வந்திருக்கும். எட்டாத அந்தக் குழாய் அன்று ஒருநாள் மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கும். எட்டு ஆண்டுப் பழைய ரப்பர். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, பின்பு சொல்லிவிட்டேன்.

"அது எனக்குத் தெரியாதா மக்களே?" என்றார் மாமா. "அன்னைக்கே நான் பாத்தேன். மாத்தணும்னு சொன்னேன். கம்ப்ளெய்ண்ட் இல்லாததுக்குக் காசு தரமாட்டேன்னு வண்டிக்காரரு சொன்னாரு. நான் எங்கையில உள்ள காசப் போட்டு மாத்தியிருக்கணும். பத்து திர்ஹம் காணாது."

எஞ்சின் இலக்கணத் தாளில் இந்தக் குழாய்க்கு ஓர் எண்ணும் இல்லை. 212 குதிரைத்திறனும் 120 கோடிச் சுற்றும் அதை நம்பி இருந்தன என்பதை நான் முதலில் தேடிய எந்தப் பக்கமும் சொல்லவில்லை. கையேட்டில் குளிர்விப்புப் பகுதியின் படம் ஒன்றில், பெயரில்லாமல், ஒரு கோடாக அது இருந்தது.

மாமா கேஸ்கெட்டைத் துணியால் துடைத்து மீண்டும் ஆணியில் மாட்டினார். கொல்லங்கோட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஜீப் பிரேக் வேலைக்காக நின்றது. அதன் முன்மூடியைத் தூக்கி என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னார். பின்புறக் குழாயை இரு விரலால் அழுத்தியபோது மேல்தோல் வெடித்தது. புதுக் குழாய் ஒன்றை வெட்டிப் பொருத்தி, கிளிப்பை முறுக்கி, ரேடியேட்டரில் நீர் நிறைத்தார். மாலையில் வண்டிக்காரருக்குக் கொடுத்த சீட்டில் பிரேக் வேலை மட்டுமே எழுதியிருந்தது.